வீட்டில் முதியவரைக் கவனிக்க ஏஜென்சி: எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று மருத்துவமனையில் சொன்ன அன்று மாலைதான் பல வீடுகளில் ஏஜென்சி தேடும் படலம் தொடங்குகிறது. அந்த அவசரத்தில் யார் முதலில் போனை எடுக்கிறார்களோ அவர்களுக்கே வேலை போய்விடுகிறது. கீழே உள்ள பதில்களுக்கெல்லாம் அடியில் ஓடுவது ஒரே கணக்குதான். நல்ல ஆள் தெரிந்தவர் மூலமாகவும் கிடைப்பார். அவருக்கு மேலே ஒரு மேற்பார்வையும், அவர் வராத நாளில் இன்னொரு ஆளும் அப்படிக் கிடைக்காது. ஏஜென்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த இரண்டுக்கும்தான். அவை உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்ப்பதே எடைபோடுவது.

போன் செய்யும் முன் வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

3 நாள் குறிப்பு எழுதுங்கள். நேரம் ஒரு பக்கம், அப்போது என்ன உதவி தேவைப்பட்டது என்பது மறுபக்கம். இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதை விட்டுவிட வேண்டாம். இரவுக்கும் ஆள் வேண்டுமா என்பதை அந்த வரிதான் முடிவு செய்யும்.

எதையெல்லாம் எழுதுவது என்று குழப்பமாக இருந்தால், 1963 முதல் புழக்கத்தில் உள்ள காட்ஸ் அளவுகோல் கைகொடுக்கும். அதில் ஆறே விஷயங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே "தானே செய்கிறார்", "கை கொடுத்தால் செய்கிறார்", "நாம்தான் செய்கிறோம்" என்று குறித்துவிடுங்கள். படுக்கையில் இல்லாத, நடமாடுகிற முதியவர் என்றால் 1969-இல் வந்த லாட்டன் அளவுகோலின் எட்டும் உதவும்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது, பணத்தைக் கையாள்வது.

கூடவே அவருடைய எடை, உயரம், எந்தக் கை கால் பலவீனம், மாத்திரைப் பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல். எடையைச் சொல்லாமல் விடுவது வழக்கமான தவறு. "கூட ஒரு ஆள் இருந்தா போதும்" என்று சொல்லிவிடுவோம். வருபவர் 45 கிலோ, தூக்க வேண்டியவர் 80 கிலோ. முதல் நாளே இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

எங்களுக்கு வேண்டியது பராமரிப்பாளரா, நர்ஸா?

குளிக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, நடக்கும்போது பிடித்துக்கொள்வது, ஊட்டிவிடுவது, மாத்திரையை நினைவூட்டுவது ஆகியவை பயிற்சி பெற்ற பராமரிப்பாளரின் வேலை. ஊசி, சலைன், ஆழமான புண்ணுக்குக் கட்டு, மூக்குக் குழாயையோ சிறுநீர்க் குழாயையோ புதிதாகப் போடுவது, மூச்சுவிடுவதற்காகத் தொண்டையில் போட்ட துளையில் சளி உறிஞ்சுவது எல்லாம் பதிவு பெற்ற நர்ஸின் வேலை. இரண்டுக்கும் நடுவே சில வேலைகள் உண்டு. ஏற்கெனவே போட்ட குழாய் வழியாக உணவு கொடுப்பது, இன்சுலின் பேனா போன்றவை. இவற்றைப் பராமரிப்பாளர் செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஏஜென்சியிடம் கேட்டால் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

ஏமாற்று வேலை நடக்கும் இடமும் இதுதான். பில்லில் "நர்ஸ்" என்று இருக்கும். வந்திருப்பவர் "ஊசியும் போடுவாங்க சார், நல்ல அனுபவம்" என்று அறிமுகப்படுத்தப்பட்டவராக இருப்பார். நர்ஸ் என்றால் பதிவு எண் இருக்கும்; அந்த எண்ணைப் பதிவு செய்த அமைப்பில் சரிபார்க்க முடியும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் அதுவே பதில். இன்னொன்று: எல்லோருக்கும் நாள் முழுக்க நர்ஸ் வேண்டியதில்லை. தினம் ஒருமுறை கட்டு மாற்ற நர்ஸ் வந்து போக, மற்ற நேரத்துக்குப் பராமரிப்பாளர் என்ற ஏற்பாடு பல வீடுகளுக்குப் போதும். அதை நீங்கள் கேட்காமல் ஏஜென்சியே சொன்னால் நல்ல அறிகுறி.

முதல் போன் பேச்சிலேயே என்ன கேட்கலாம்?

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் இந்த நான்கு:

"வேலை தொடங்கும் முன் வீட்டுக்கு வந்து பார்ப்பது யார்?"
"காலை ஏழு மணிக்கு வர வேண்டியவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?"
"ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பது யார்?"
"மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, சொல்லாமல் வருவார்?"

இரண்டாவது கேள்விக்கு "எங்க ஆளுங்க அப்படியெல்லாம் லீவு போட மாட்டாங்க" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். லீவு போடாத மனிதர் யாரும் இல்லை. ஒழுங்காக நடக்கும் இடத்தில் பதில் நடைமுறையாகவே வரும்: ஷிப்ட் தொடங்க இவ்வளவு நேரம் முன்பே எங்களுக்குச் செய்தி வந்துவிடும், மாற்று ஆள் பட்டியல் இருக்கிறது, இவ்வளவு நேரத்துக்குள் அனுப்புவோம், அதுவரை முந்தைய ஷிப்ட் ஆள் கிளம்ப மாட்டார். எதிர்முனையில் இருப்பவர் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா என்றும் கவனியுங்கள். நோய் என்ன, நடப்பாரா, இரவில் தூங்குவாரா என்று எதையும் கேட்காமல் "நாளைக்கே ஆள் அனுப்பறோம்" என்பவர் யாரை அனுப்புவது என்பதை எதை வைத்து முடிவு செய்வார்?

வருபவர் ஏஜென்சியின் ஊழியரா இல்லையா என்பது நமக்கு ஏன்?

ஏஜென்சிகள் இரு வகை. ஒன்று, ஆளைத் தானே வேலைக்கு வைத்து, சம்பளம் கொடுத்து, பயிற்சியும் மேற்பார்வையும் பார்ப்பது. மற்றது, ஆளையும் வீட்டையும் இணைத்துவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

வித்தியாசம் சிக்கல் வந்தால்தான் புலப்படும். பராமரிப்பாளர் உங்கள் வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் செலவு யாருடையது? தரகர் வகையில் பல இடங்களில் சட்டத்தின் பார்வையில் முதலாளி நீங்கள்தான். விபத்துப் பொறுப்பு, விடுப்பு, வரி எல்லாம் உங்கள் தலையில். தரகரே கூடாது என்பதில்லை, கட்டணம் குறைவாக இருக்கும். ஆனால் எந்த வகை என்று தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும். "சம்பளச் சீட்டு யார் பெயரில் போகிறது?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

உரிமமும் பின்னணிச் சோதனையும் இருக்கிறது என்கிறார்கள். அது போதுமா?

உரிமத்தில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா, காலாவதித் தேதி என்ன, எந்தச் சேவைக்கான உரிமம் என்று மூன்றையும் பாருங்கள். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் உரிமத்தை வைத்துக்கொண்டு நர்ஸிங் சேவை தருவோர் உண்டு. பின்னணிச் சோதனை என்றால் எந்தத் தேதியில் செய்தது, முந்தைய வேலையிடத்தில் பேசினார்களா என்று கேளுங்கள். மாற்று ஆளாக வருபவருக்கும் அதே சோதனை முடிந்திருக்க வேண்டும். முக்கிய ஆளின் கோப்பு கனமாக இருக்கும், மாற்று ஆளுக்குக் கோப்பே இருக்காது.

வீட்டுக்கு வந்து செய்யும் மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும்?

கூடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிவிட்டு படிவத்தை நிரப்பிக்கொண்டு போவது மதிப்பீடு ஆகாது. வருபவர் நர்ஸாகவோ அதற்கு இணையான பயிற்சி உள்ளவராகவோ இருந்து, முதியவரிடமே பேச வேண்டும். அவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பது 1991 முதல் வழக்கத்தில் உள்ள எளிய சோதனை. 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தால் இன்னும் நல்லது. மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், காலையில் எழுந்ததும் தலைசுற்றி விழுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பிறகு கழிப்பறை. பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, இரவில் படுக்கையிலிருந்து அதுவரை வெளிச்சம் உண்டா? பிறகு மாத்திரை டப்பா. பழைய சீட்டில் நிறுத்தச் சொன்ன மாத்திரையும் புதிய மாத்திரையும் ஒரே பையில் கிடப்பதை நல்ல நர்ஸ் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். படுக்கையில் இருப்பவர் என்றால் முதுகையும் பிட்டத்தையும் குதிகாலையும் திருப்பிப் பார்க்காமல் போகவே கூடாது. ஏற்கெனவே இருந்த புண் யார் காலத்தில் வந்தது என்ற சண்டை பின்னால் வராமல் இருக்கவும் இது உதவும். இதையெல்லாம் செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும்.

பராமரிப்புத் திட்டம் என்று ஒரு தாள் தருகிறார்கள். அதில் எதைப் பார்ப்பது?

வரிகளைப் படித்தாலே தெரியும். "நோயாளிக்குத் தேவையான நீர் ஆகாரம் கொடுக்கவும்" என்று இருந்தால் அது எல்லா வீட்டுக்கும் அச்சடித்த தாள். "காலை 8, 11, மாலை 3, 6 மணிக்கு 200 மி.லி. தண்ணீர், இடது வாய்ப்பக்கம் பலவீனம், வலப்பக்கமாகக் கொடுக்கவும், இருமினால் நிறுத்தி நிமிர்த்தி உட்கார வைக்கவும், இரண்டாவது முறை இருமினால் மேற்பார்வையாளருக்குச் சொல்லவும்" என்று இருந்தால் யாரோ உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதியது.

எந்த நிலையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் எண்களோடு இருக்க வேண்டும். உதாரணமாக, ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கினால், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்ப்பது. நினைவு மங்கலாக இருந்தால் வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே ஆம்புலன்ஸ். திட்டம் எழுதிய தேதியும், அடுத்த பரிசீலனைத் தேதியும் இல்லாத தாள் அலமாரிக்குத்தான் போகும்.

வந்தவருக்கு வேலை தெரியுமா என்று நமக்கு எப்படித் தெரியும்?

சான்றிதழைப் பார்ப்பதைவிட, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதைப் பார்ப்பது மேல். முதல் நாள் அருகில் நின்று கவனியுங்கள்.

தெரிந்தவர் முதலில் நாற்காலியை முதியவரின் பலமான பக்கத்தில் சற்றுச் சாய்வாகக் கொண்டுவந்து நிறுத்துவார். இரண்டு பிரேக்கையும் போடுவார். கால் வைக்கும் தட்டுகளைத் தூக்கிவிடுவார் அல்லது கழற்றுவார். "அம்மா, இப்போ எழுந்து நாற்காலியில உட்காரப் போறோம்" என்று சொல்வார். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து ஓரிரு நிமிடம் காத்திருந்து, தலை சுற்றுகிறதா என்று கேட்பார். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கும், வழுக்காத செருப்பு இருக்கும். இடுப்பில் கட்டும் பிடிபெல்ட்டைப் பிடித்து, தன் முழங்காலை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி, முதியவரின் முயற்சியோடு சேர்த்து எழுப்புவார். உட்கார வைக்கும் முன், நாற்காலி காலின் பின்புறத்தில் படும்வரை திருப்புவார்.

தெரியாதவர் அக்குளில் கைவிட்டுத் தூக்குவார். பக்கவாதம் வந்த கையை இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். தன் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்வதும் தவறு, இருவருக்கும் ஆபத்து.

அடுத்தது கை கழுவுதல். டயப்பர் மாற்றிய கையுறையைக் கழற்றாமலே தண்ணீர் டம்ளரை எடுத்தால் பயிற்சி ஏட்டோடு நின்றுவிட்டது. சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கையுறை போட்டாலும் கழற்றியபின் கழுவியே ஆக வேண்டும்.

படுத்த படுக்கையாக இருக்கிறார். தனியாக என்ன கேட்க வேண்டும்?

"பிரேடன் மதிப்பெண் போடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். படுக்கைப்புண் வரும் வாய்ப்பைக் கணிக்கும் அளவுகோல் அது. 6 முதல் 23 வரை போகும், 18-க்குக் கீழோ சமமாகவோ இருந்தால் அபாயம். அந்தப் பெயரையே கேள்விப்படாத ஏஜென்சிக்குப் படுக்கை நோயாளியை ஒப்படைக்க யோசியுங்கள்.

பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். படுக்கையின் வகையையும் தோலின் நிலையையும் பொறுத்து நர்ஸ் அதை மாற்றலாம். முழுப் பக்கவாட்டில் 90 பாகை சாய்த்தால் இடுப்பெலும்பில் எடை இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சாய்ப்பதே சரி. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் காற்றில் நிற்க வேண்டும். ஓட்டை வைத்த வட்டத் தலையணை வேண்டாம். சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போகாமல் தடுத்துவிடும். எலும்பு மேட்டில் சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லையென்றால் புண்ணின் முதல் நிலை. கருத்த தோலில் இந்த நிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இதைத் தானாகச் சொல்கிற பராமரிப்பாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

திருப்பிய நேரத்தைக் குறிக்கும் தாளையும் பாருங்கள். 8, 10, 12, 2, 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் இருந்தால் அது மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது. நிஜத் தாளில் 8.10, 10.25, "11.50 மலம் போனதால் முன்பே திருப்பியது" என்று இருக்கும்.

குழாய்கள் இருந்தால்?

குழாயில் மாட்டிய சிறுநீர் சேரும் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் முன் காலி செய்ய வேண்டும். நடக்க வைக்கும்போது பையை உயரத் தூக்கிப் பிடித்தால் பழைய சிறுநீர் உள்ளே திரும்பிக் கிருமி ஏறும். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். முடிந்தபின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. மூக்கருகில் குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் உணவு கொடுக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். தொண்டைத் துளையில் சளி உறிஞ்சுவது ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் போகக்கூடாது. ஆக்ஸிஜன் கருவி இருந்தால், மின்சாரம் போனால் மாற்று சிலிண்டர் எங்கே, அதைத் திறக்க வந்தவருக்குத் தெரியுமா என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.

மறதி நோய் உள்ளவருக்கு ஏஜென்சி பார்ப்பது வேறு மாதிரியா?

ஆம், இங்கே ஒரே முகம் தினமும் வருவதுதான் பாதி சிகிச்சை. வாரத்துக்கு நான்கு பேர் மாறி மாறி வந்தால், அவருக்கு வீட்டில் தினமும் அந்நியர் நுழைகிற மாதிரிதான். "கடைசி மூன்று மாதத்தில் உங்கள் ஆட்களில் எத்தனை பேர் விலகினார்கள்?" என்று கேளுங்கள். மாலை நேரத்துப் பதற்றத்தை எப்படிச் சமாளிப்பார்கள் என்றும் கேளுங்கள். "அதட்டினா அடங்கிடுவாங்க" என்பவரும், உடனே தூக்க மாத்திரை பற்றிப் பேசுபவரும் வேண்டாம்.

ஒரு நாளுக்குள் திடீரென்று குழப்பம் கூடினால் அது மறதி நோய் முற்றியது அல்ல. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், புதிய மாத்திரை என்று வேறு காரணம் இருக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விடாமல் அன்றே சொல்கிறவர் தேவை.

மாத்திரை விஷயத்தில் என்ன தவறு நடக்கும்?

மூன்று. ஒன்று, கொடுக்கும் முன்பே தாளில் கையெழுத்துப் போட்டுவைப்பது. இரண்டு, விழுங்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் பொடித்துக் கொடுப்பது. மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். பொடிக்கலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. மூன்று, இன்சுலின் திறந்த தேதி எழுதாமல் விடுவது. பல வகைகளுக்குத் திறந்தபின் 28 நாள்தான் ஆயுள்.

வார டப்பாவை நிரப்புவது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குடும்பம் நிரப்பும், பராமரிப்பாளர் எடுத்துக் கொடுப்பார் என்பது எளிய ஏற்பாடு.

24 மணி நேரமும் ஒருவரே தங்குவார் என்கிறார்களே?

இரவில் மூன்று முறை எழுப்பும் முதியவருக்கு அது நடக்காது. தூங்காத ஆள் நான்காவது நாள் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். தங்கி வேலை செய்பவர் என்றால் தொடர்ச்சியான தூக்கம், தனி இடம், வார விடுமுறை, விடுமுறை நாளுக்கு மாற்று ஆள் என்று நான்கும் எழுத்தில் வேண்டும். இரவில் அடிக்கடி வேலை இருந்தால் விழித்திருக்கும் இரவு ஷிப்ட் தனியாகப் போடுங்கள். "தூங்கும் இரவு", "விழிக்கும் இரவு" இரண்டுக்கும் கட்டணம் வேறு. ஒன்றுக்குப் பணம் கொடுத்து மற்றதை எதிர்பார்ப்பதால் வரும் சண்டை ஏராளம்.

ஒப்பந்தத்தில் எந்த வரிகளை இரண்டு முறை படிக்க வேண்டும்?

பணத்தைத் திருப்பித் தரும் வரியை. முதியவர் மருத்துவமனையில் சேர்ந்தாலோ இறந்தாலோ அட்வான்ஸ் என்னவாகும்? அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா? யாரும் கேட்க விரும்பாத கேள்வி என்பதால்தான் அந்த வரி பெரும்பாலும் ஏஜென்சிக்குச் சாதகமாக இருக்கும். பிறகு குறைந்தபட்ச நேரம், விடுமுறை நாள் கட்டணம், கட்டணம் உயர்த்த எத்தனை நாள் முன்னறிவிப்பு, நிறுத்த எத்தனை நாள், ஆள் வராத நாளுக்குக் கழிவு. ஆளை நேரடியாக வேலைக்கு எடுத்தால் அபராதம் என்ற வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அது நியாயம்தான், எத்தனை மாதத்துக்கு என்று மட்டும் பாருங்கள். வாய்மொழியாகச் சொன்ன எதுவும் தாளில் இல்லையென்றால் சொல்லப்படாததாகவே கொள்ளுங்கள்.

நகை, பணம், கேமரா?

வேலை தொடங்கும் முன் நகையையும் வங்கி அட்டையையும் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். சந்தேகப்பட வேண்டிய நிலையே வராமல் இருப்பது வருபவருக்கும் நல்லது. கடைக்குப் போனால் ரசீதோடு சின்ன நோட்டில் கணக்கு. கேமரா வைத்தால் முதியவரிடமும் வருபவரிடமும் சொல்லி, குளியலறையும் உடை மாற்றும் இடமும் படாமல் வையுங்கள். ஒளித்துவைப்பது சில நாடுகளில் குற்றம்.

"எனக்கு யாரும் வேண்டாம்" என்கிறார் அப்பா. என்ன செய்வது?

முழு நாளில் தொடங்காதீர்கள். வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம், அவருக்கு உண்மையிலேயே தொந்தரவாக இருக்கும் ஒரு வேலைக்கு மட்டும். இரண்டு பேரை வரவழைத்து, யார் வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். குளியலை முதல் நாளே திணித்தால் கதவு மூடிவிடும். ஆணுக்கு ஆணா, பெண்ணுக்குப் பெண்ணா என்பதில் அவர் சொல்வதே முடிவு. நல்ல ஏஜென்சி முதல் சந்திப்பில் பிள்ளைகளைப் பார்த்துப் பேசாமல், "ஐயா, உங்களுக்கு எத்தனை மணிக்கு எழுந்தா சௌகரியம்?" என்று அவரிடமே கேட்கும்.

வேலை தொடங்கியபின் எதைக் கண்காணிப்பது?

முதல் இரண்டு வாரம் வெவ்வேறு நேரங்களில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். தினக் குறிப்பேட்டைப் படியுங்கள்; "நன்றாக இருந்தார்" என்று ஏழு நாளும் எழுதியிருந்தால் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. வாய்க்குள் பாருங்கள்: பல் இடுக்கில் காலை உணவு மாலைவரை இருந்தால் வாய் சுத்தம் நடக்கவில்லை. நகம், காதின் பின்புறம், தொடை இடுக்கு ஆகியவை சொல்லும் கதையை ஏஜென்சியின் அறிக்கை சொல்லாது. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57 ஆனால், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முதியவரிடம் தனியாகவும் கேளுங்கள். பராமரிப்பாளர் அறைக்குள் வந்ததும் அவர் பேச்சை நிறுத்தினால், புது நீலத் தழும்பு இருந்தால், அதற்குச் சொல்லப்படும் காரணம் நாளுக்கு நாள் மாறினால், விசாரணை முடியும்வரை அந்த ஆள் வர வேண்டாம். தழும்பைத் தேதியோடு படமெடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடித்திருக்கிறார் என்று தோன்றினால் ஏஜென்சியின் விசாரணைக்காகக் காத்திராமல் காவல்துறைக்குப் போங்கள்.

சின்னக் குறைகளுக்கு ஆளை மாற்ற ஓடாதீர்கள். துண்டை மடிக்கும் விதம் பிடிக்கவில்லை என்று மாதம் மூன்று பேரை மாற்றினால், யாருமே உங்கள் வீட்டைப் பழகமாட்டார்கள்.

ஏஜென்சியையே மாற்றுவதாக முடிவு செய்துவிட்டோம். எப்படிச் செய்வது?

பழைய ஒப்பந்தத்தின் முன்னறிவிப்பு நாட்களை எண்ணி, இரண்டு நாளாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். செலவு கூடுதல்தான். ஆனால் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கும், மாத்திரையை எதோடு கொடுத்தால் துப்பமாட்டார் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இருக்காது. தினக் குறிப்பேடு, மருந்துத் தாள், புண்ணின் அளவுக் குறிப்பு ஆகியவற்றின் நகலை முன்பே வாங்கிவிடுங்கள். பில் பாக்கி தகராறு வந்தபின் கேட்டால் கிடைக்காது. மாற்றும் அன்று உங்கள் பொருட்களின் பட்டியலைச் சரிபார்த்து, கடைசி ஷிப்ட் முடியும்போது வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்குங்கள். கதவுக்கு எண் பூட்டு என்றால் அன்றிரவே எண்ணை மாற்றுங்கள்.